டியூபின் அடியில் போட்ட பிள்ளையார் சுழி

பாஸ்கருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க முடியவில்லை. உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன். அது உனக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் என் பயம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கடைசியாகச் சொன்னது, "நீ மட்டும் நைனாவுக்குச் செய்யலியா மா?" என்பது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். நீ மறுபடி மூன்று தடவை கூப்பிட்டாய். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்கிற வரைக்கும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மருமகளுக்கு ஏழாம் மாதம், பிரசவத்துக்கு அயர்லாந்துக்கு வந்து கூட இரு என்று நீ அனுப்பிய விசா பாரம் டிவி மேல் அப்படியே கிடக்கிறது. அதை நிரப்புவதா வேண்டாமா என்பது இனிமேல் உன் கையில். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ செய்ததை முதலில் பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக காசநோய்க் கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு நீங்கள் நான்கு பேர் என் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்தீர்கள். நான் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில் உன் ரத்தத்தின்மேல் கௌதமியின் பெயரையும், கௌதமியின் ரத்தத்தின்மேல் உன் பெயரையும் மாற்றி ஒட்டினாய். உன்னோடு ஒரே வார்டில் டிரெயினிங் எடுத்தவள், நம் வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை மீன் குழம்பு சாப்பிட்டவள் அந்தப் புளியந்தோப்புப் பெண். உனக்கு உள்ளே இருந்ததை அவள் தலையில் கட்டிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். அதற்கு என் கையையும் என் லேபையும் என் கையெழுத்தையும் எடுத்துக்கொண்டாய்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய். கௌதமி காட்டிக்கொடுத்தாளா என்றுகூடக் கேட்டாய். அவளுக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. போன மாதம் வேறொரு ஏஜென்ட் மூலமாக அவளுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. அதே பரிசோதனைக்கு நம் லேபுக்கே வந்தாள். நான்தான் எடுத்தேன். ரிசல்ட் இந்தத் தடவை நெகட்டிவ் என்று வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "மாத்திரை சாப்பிட்டாலும் நிறையப் பேருக்கு இது பாசிட்டிவாவே நிற்கும். இந்தப் பொண்ணுக்கு மாறிடுச்சு, நல்லதுதான்" என்றார். எனக்கும் சந்தோஷம். மத்தியானம் சாப்பிடும்போது ஜோசப்பிடம் சொன்னேன். ஜோசப்பை உனக்குத் தெரியும், பதினைந்து வருஷமாக என்னோடு லேபில் மிஷின் பார்ப்பவன், வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"உன் கைராசி யக்கா அது. அன்னிக்கே அந்தப் பொண்ணு டியூப்புக்கு அடியில புள்ளையார் சுழி போட்டவளாச்சே நீ. மருமவளா இட்டாரப் போறியோன்னு கூட நெனச்சேன்."

"எந்தப் பொண்ணு டியூப்புலடா?"

"இன்னா யக்கா, மறந்துட்டியா? கௌதமி டியூப்புலதான். மறுநா காலைல வெளிய எடுத்து மிஷின்ல போடச் சொல்லோ பாத்தேன், மூணுலயும் அடியில சுழி கீது. பாஸ்கரு டியூப்புல ஒண்ணியும் இல்ல. பெத்த புள்ளைய உட்டுட்டு ஊரான் வூட்டுப் பொண்ணுக்குப் போட்டுக்கீதே இந்த அக்கான்னு சிரிச்சிக்கினேன்."

தயிர் சாதம் பாதி இருக்கும்போதே டப்பாவை மூடிவிட்டேன். ஜோசப் அதற்குள் வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டான்.

நான் யாருடைய டியூபிலும் சுழி போட்டதில்லை, பாஸ்கர். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன், ஒருவருக்கும் போட்டதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் போட்டேன். நீ சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தபோது உன் மூன்று டியூபையும் கவிழ்த்துப் பிடித்து, மார்க்கர் பேனாவால் அடியில் சின்னதாக ஒரு சுழி. யார் கண்ணிலும் படக்கூடாது, சிரிப்பார்கள் என்றுதான் அடியில் போட்டேன். உன் கண்ணிலும் படவில்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டாய்.

அந்தக் காலை நேரத்தை இப்போது ஒவ்வொரு நிமிஷமாகத் திரும்பிப் பார்க்கிறேன். இந்தப் பரிசோதனை வந்த புதிதில் நம் லேபில் எல்லாரும் திண்டாடினோம். மற்ற ரத்தத்தையெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்துப் பழகியவர்கள், இதையும் ஐஸில் வைத்துவிட்டார்கள். ரத்தம் மரத்துப்போய், உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லாத ரிசல்டாக வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ஆளுக்கு மூன்று டியூப். ஒன்றில் ஒன்றும் இருக்காது. இன்னொன்றின் உட்சுவரில் காசநோய்க் கிருமியின் சாயலில் செய்த மருந்து தடவியிருக்கும். மூன்றாவது, ரத்தத்துக்கு உயிர் இருக்கிறதா என்று உசுப்பிப் பார்க்க. ரத்தம் விழுந்ததும் மேலும் கீழுமாகப் பத்துத் தடவை நன்றாகக் குலுக்க வேண்டும், அப்போதுதான் சுவரில் இருக்கும் மருந்து கலக்கும். பிறகு உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைக்க வேண்டும். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த ரத்தமாக இருந்தால், தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்தவன் முகம் மாறுவது போல அதற்குள் ஒரு மாற்றம் நடக்கும். மிஷின் அதை அளந்து சொல்லிவிடும். பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தம் இல்லை. கிருமி உள்ளே தூங்குகிறது, அவ்வளவுதான். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, யாருக்கும் ஒட்டாது. பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியால் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு, டிபி இருக்கிறதா என்று கையில் போட்டுப் பார்க்கும் தோல் ஊசி வீங்கிவிடும், ரத்தத்தில் பார்த்தால் அந்தக் குழப்பம் இல்லை என்பதால்தான் அந்த ஆஸ்பத்திரி இதைக் கேட்டது.

இதையெல்லாம் உனக்குச் சொன்னவள் நான்தான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டாய். "பேரு எப்படிமா எழுதுவீங்க? யாரு குலுக்குவாங்க? மறுநாள் யாரு எடுப்பாங்க?" என்று ஒன்றுவிடாமல் கேட்டாய். பையன் படித்து நர்ஸாகி, அம்மா வேலையையும் மதித்துக் கேட்கிறானே என்று எனக்கு ஒரே பூரிப்பு. எதிர் வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். கம்பெனி லேபிளில் பேனா எழுதினால் ஈரம் பட்டு அழிகிறது என்று அதன்மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுவது என் வழக்கம் என்பதையும் நானே சொன்னேன். பிளாஸ்திரியை உரித்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறாய். எனக்குத்தான் எதுவும் உறைக்கவில்லை.

அன்றைக்கு நான்கு பேருக்கும் எடுத்து முடித்ததும் நீ சொன்னாய், "மா, காலைலேர்ந்து ஒண்ணியும் துன்னாம நிக்கிற. நான் குலுக்கறேன், நீ ஜல்தியா போய் டீயும் பன்னும் துன்னுட்டு வா." கௌதமி உன்னைப் பார்த்து, "பரவால்லியே, அம்மா மேல இம்மாம் பாசமா?" என்று சிரித்தாள். மற்ற மூவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாய். நான் கல்மண்டபம் முனையில் நின்று டீ குடித்தேன். ஒரு வருஷம் முழுக்க அந்த டீயைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ ஊருக்குப் போன பிறகு உன் ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த டீதான் முதலில் ஞாபகம் வரும். வேறு எதைத் திருடியிருந்தாலும் இப்படி வலித்திருக்காது.

உனக்கு பாசிட்டிவ் வரும் என்று உனக்கு முன்பே எப்படித் தெரியும் என்று போனில் கேட்டேன். "டிரெயினிங்ல தோல் ஊசி போட்டாங்கம்மா, கொப்புளம் கொப்புளமா வந்திச்சு" என்றாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மே மாதம், ரோட்டில் தார் உருகுகிற வெயிலில், ஒரு வாரம் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாயே. ஏதாவது பொண்ணு பேரைப் பச்சை குத்திக்கொண்டாயோ என்று நான் கிண்டல் செய்தேன், நீயும் சிரித்து மழுப்பினாய். அதே சமயம் கௌதமி தன் கையை நீட்டி, "எனக்கு ஒண்ணுமே வீங்கல பாரு" என்று உன்னிடம் காட்டியிருக்கிறாள். தோஸ்து என்று நம்பிக் காட்டியவளைத்தான் நீ தேர்ந்தெடுத்தாய். மற்ற இருவரையும் ஏன் விட்டாய்?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ மட்டும் நைனாவுக்குச் செய்யலியா என்று கேட்டாய். செய்தேன். ஒரு தடவை அல்ல, ஏழு வருஷம் செய்தேன். அதை உனக்குப் பதிலாகச் சொல்வதற்கு முன்னால் எனக்கே சொல்லிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று.

உன் அப்பா துறைமுகத்தில் கான்டிராக்ட்காரரிடம் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், கீழே மூட்டை எண்ணுகிற வேலைதான். நான் அப்போது லேபில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். அவருக்குச் சர்க்கரை இருப்பதை நானே பார்த்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தவள் வைத்தியத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் உன்னை எழுப்பி, காலி சிரப் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். உனக்குப் பத்து வயசு. "இன்னாத்துக்கு நைனா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "என் புள்ளைக்கு முன்னாடி அவன் மூத்திரத்துக்கு ஹார்பர்ல வேல கெடச்சிட்சி பாரு!" என்றார். நானும் சிரித்தேன். வேலை முடிந்து வரும்போது உனக்கு பேக்கரியிலிருந்து பன் பட்டர் ஜாம் வாங்கிவந்தார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான் நடந்தது, யாரும் அதைத் தப்பு என்று எண்ணவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் மாற்றி வைப்பது மாதிரி ஒரு சமாளிப்பு. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் மெடிக்கல் வந்தால் நம் வீட்டில் பன் பட்டர் ஜாம். நீயே நாள் கணக்கு வைத்து, "நைனா, மெடிக்கல் எப்போ?" என்று கேட்பாய்.

அந்த ஏழு வருஷமும் அவர் சர்க்கரைக்கு ஒழுங்காக ஒரு மாத்திரை சாப்பிடவில்லை. காகிதத்தில் நன்றாக இருந்த மனிதர் நிஜத்திலும் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நாங்கள் இருவருமே நம்பத் தொடங்கிவிட்டோம். பிறகு இருமல் வந்தது. துறைமுகத்து நிலக்கரித் தூள் என்றோம், பீடி என்றோம். கரித்தூள் உள்ளே வந்து துணியெல்லாம் கலீஜாகிறது என்று ராயபுரம் வீட்டின் ஒரே ஜன்னலையும் நான் அட்டை வைத்து அடைத்திருந்தேன். அந்த அடைத்த அறையில் நாம் மூன்று பேரும் பாய் போட்டுப் படுத்தோம், நீ எப்போதும் அவர் பக்கம்தான் படுப்பாய். ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை நானூறு, நுரையீரல் இரண்டு பக்கமும் போயிருந்தது. சர்க்கரை ஏறிய உடம்பில் டிபி சுலபமாக ஏறும் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். லேபில் வேலை செய்கிற எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். உனக்குப் பதினேழு வயசு.

இப்போது சேர்த்துப் பார். உன் மூத்திரத்தை அவர் பெயரில் கொடுத்தேன். அதனால் அவர் சர்க்கரை மறைந்தது. அது அவருக்கு நோயாக வந்து, அவர் மூச்சு வழியாக உனக்குள் போய்த் தூங்கியது. அதை மறைக்க நீ உன் ரத்தத்தை ஒரு பெண்ணின் பெயரில் கொடுத்தாய். வித்தை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். உன் கையில் பாட்டிலைக் கொடுத்த அன்றைக்கே நான் கெட்டது ஆரம்பித்துவிட்டது. ஆனால் பாஸ்கர், ஒரு வித்தியாசம் உண்டு, அதை நீ வசதியாக மறந்துவிட்டாய். நான் செய்த தப்புக்கு என் வீடுதான் அழிந்தது. நீ செய்ததற்கு அடுத்தவள் வீடு அழிந்தது.

"அவளும் மாத்திர துன்னுட்டு நல்லாத்தானேமா கீறா, இன்னா கெட்டுப்போச்சு?" என்று கேட்டாய். என்ன கெட்டது என்று சொல்கிறேன். பாசிட்டிவ் என்று பார்த்ததும் ஏஜென்ட் அவளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். மாத்திரை முடி, அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்றான். முடித்துவிட்டுப் போனபோது போனை எடுக்கவில்லை. அவள் வேலை பார்த்த நர்ஸிங் ஹோமில் பச்சைக் குழந்தைகள் வார்டிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள், ஒட்டாது என்று சொன்னாலும் கேட்கவில்லை. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். பாவம் என்று நினைத்தேன், ஆறுதல் சொன்னேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்டேன். "உங்க வூட்ல யாராச்சும் ரொம்ப நாளா இருமிக்கினு இருந்தாங்களா கண்ணு?" என்று. கேட்கக் கூடாத கேள்வி அது என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

உன்னிடம் பேசி மூன்று நாள் கழித்துப் புளியந்தோப்புக்குப் போனேன். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. சுவரில் புத்தர் படம், அதன் கீழே அவளுடைய நர்ஸிங் சர்டிபிகேட். அவள் அப்பா கதவோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவர், பீடி இருமல் உள்ளவர். அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே கழுவி, மற்ற தட்டுகளோடு சேர்க்காமல், ஜன்னல் கம்பியில் தனியாகச் சாய்த்து வைத்தார். யாரும் சொல்லாமலே செய்தார். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கௌதமி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க அன்னிக்கு கேட்டீங்கல்ல ஆன்ட்டி, யாருக்கு இருமல்னு. அப்பாதான்னு வெச்சிக்கினோம். சளி டெஸ்ட்ல ஒண்ணியும் இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா எனக்கு வந்துக்கீதே, வேற யாரு குடுத்திருப்பாங்க? ரெண்டு வருசமா தனித் தட்டு. நான் அவருகிட்ட சரியா பேசியே ரொம்ப நாளாச்சு."

பாஸ்கர், ஒரு பாவமும் அறியாத அந்த மனிதர் மகளுக்கு நோய் கொடுத்தவன் என்ற பெயரோடு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். உனக்குக் கொடுத்தவர் உன் அப்பா. அவர் படத்துக்கு நான் தினமும் பூ வைக்கிறேன்.

சொல்லிவிட்டேன். டீ, பிளாஸ்திரி, சுழி, சிரப் பாட்டில் வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது என்னை அறைவாள், கத்துவாள், அக்கம்பக்கம் கூடும் என்று எதிர்பார்த்தேன். அது வேண்டும் என்றுகூட இருந்தது. அவள் அம்மாதான் மார்பில் அடித்துக்கொண்டு, "எம் பொண்ணு வாய்க்கையே பூட்ச்சேமா, உம் புள்ள வெளங்குவானா!" என்றாள். கௌதமி எழுந்து ஜன்னலுக்குப் போய் அந்தத் தட்டை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி என்னிடம் ஒன்று கேட்டாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் அதற்குப் பிறகு என்னால் மற்றதை எழுத முடியாது.

மறுநாள் லேப் முதலாளியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, "ஏன் மேடம் இப்ப போய்? யாரும் கேக்கலியே" என்றார். யாரும் கேட்காததால்தான் இவ்வளவும் நடந்தது என்றேன். வேலையை விட்டுவிட்டேன். கௌதமியின் பழைய ரிப்போர்ட் தவறு என்று லேப் அவளுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறது. அது அவளுக்கு எதைத் திருப்பித் தரும் என்று தெரியவில்லை. அவள் அப்பாவிடம் காட்டலாம், அதற்காவது ஆகும்.

போகிற நாளில் ஜோசப்பிடம் என் கையை நீட்டினேன். இத்தனை வருஷத்தில் ஊருக்கெல்லாம் குத்திய நான் இந்தப் பரிசோதனைக்கு என் ரத்தத்தைக் கொடுத்ததே இல்லை, பார். அதே அடைத்த அறையில் நானும்தானே படுத்தேன்? மூன்று டியூபையும் அவனே குலுக்கினான். "அடியில சுழி போடட்டா யக்கா?" என்றான், சிரிக்க வைக்கப் பார்த்தான் பாவம். வேண்டாம் என்றேன். பாசிட்டிவ்தான். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. டாக்டரம்மா ஈரலையும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, ஆறு மாதம். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறேன், இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ஒன்றும் செய்யவில்லை, லேசாக வாய் கசக்கிறது, அவ்வளவுதான். ஆறு மாதம், பாஸ்கர். அன்றைக்கு நீ என்னிடம் வந்து, மா, எனக்கு வீங்கிச்சு, பயமாக் கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு மாதம் மாத்திரை வாங்கிக் கொடுத்து, வேறு நல்ல ஏஜென்டைப் பிடித்து, தலையை அடகு வைத்தாவது அனுப்பியிருப்பேன். என்னிடம் சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? அந்தக் கேள்விதான் என்னைத் தின்கிறது. கௌதமியை ஏமாற்றியதைவிட, அம்மாவிடம் சொல்வதைக் காட்டிலும் அம்மாவை ஏமாற்றுவது சுலபம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் அதிகம் வலிக்கிறது.

உன் ஆஸ்பத்திரிக்கு நான் எழுதவில்லை. எழுத முகவரி இருக்கிறது, கை வரவில்லை என்று நினைத்துக்கொள். அதை நீ செய். முதலில் உன் பெண்டாட்டியிடம் சொல். அப்புறம் அங்கேயே போய் உன் ரத்தத்தை உன் பெயரில் கொடு. வேலை போனால் போகட்டும். போகாது என்றுதான் நினைக்கிறேன், தூங்குகிற கிருமிக்கு மாத்திரை சாப்பிட்டவனை வேலையை விட்டுத் துரத்துகிற ஊராக அது இருக்காது. பொய் சொன்னதற்குத் துரத்தினால் வாங்கிக்கொள். நீ வேலை பார்ப்பது டயாலிசிஸ் வார்டில், உடம்பில் எதிர்க்கத் தெம்பில்லாதவர்கள் நடுவில். உன் அப்பாவுக்கு வந்த சர்க்கரை உனக்கும் வரும் வயசு தூரத்தில் இல்லை. அது வந்தால் தூங்குகிற கிருமி விழித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு மாதத்தில் உன் பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தை படுக்கும், நீ உன் அப்பா பக்கத்தில் படுத்தது போல. ஜன்னலைத் திறந்து வை.

நான் இந்த விசா பாரத்தை நிரப்ப வேண்டுமானால் உன் பெயர் போட்ட உன் ரத்தத்தின் ரிப்போர்ட் எனக்கு வர வேண்டும். அது பாசிட்டிவ் என்று வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். உன்னைப் பற்றி உண்மையாக எனக்கு வரும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

கௌதமி கேட்டதை எழுதுகிறேன் என்றேன். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நின்றபடி, ஆனால் வார்டில் நர்ஸ் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்ப பாஸ்கருக்கு யாரு ஆன்ட்டி மாத்திர குடுத்தாங்க?"

யாரும் கொடுக்கவில்லை என்றேன். அவளுக்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்று எழுது.

காத்திருக்கும்,
உன் அம்மா